ஒரு சுற்றுக்கு எத்தனை

1

இந்தக் கதை என் நாட்குறிப்பில் நான் அடித்துவிட்ட ஓர் எண்ணிலிருந்து வந்தது. இரண்டு. அதன்மேல் மூன்று கோடு போட்டும் இன்னும் தெரிகிறது.

"தொழிற்சாலைச் சங்குகள் ஓய்ந்த ஓசூர் மாலையில்..." என்று தொடங்கினேன். வேண்டாம். அன்று எந்தச் சங்கும் ஊதவில்லை.

மேகலா பகலில் உதிரிபாகக் கம்பெனியில் அளவு பார்ப்பவள். மாலையில் டிப்ளமோ வகுப்பு. (மேகலா நான்தான். ஆனால் தப்புச் செய்கிற இடத்தில் 'அவள்' என்று எழுதுவது எனக்குச் சுலபம்.)

2

வகுப்புத் தோழி தாஹிராவின் பிக்கப், வாரநாளில் கிருஷ்ணகிரிக்கு மாங்காய் ஏற்றும்; ஞாயிறானால் பந்தயத்தில் ஓடும். பெரிய டயர் மாட்டியதிலிருந்து கிளம்பும்போது இழுவை போதவில்லை. பின் அச்சின் பல்சக்கர ஜோடியை மாற்ற வேண்டும். எந்த ரேஷியோவுக்கு? மேகலாதான் சொல்ல வேண்டும்.

"தோத்தேன்னா மாங்கா சீசன் முழுக்க அஜாஸ் வண்டிய நான் கழுவணும், அவன் தோத்தா என் வண்டிய அவன். தம்பிகிட்ட தோக்கறதுகூடப் பரவால்லடி, அவன் சிரிப்ப யாரு தாங்கறது?" என்றாள் தாஹிரா.

மேகலா ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினாள். சாக்பீஸால் கோடு போட்டாள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் என்ஜின் பக்கத்திலிருந்து பின் அச்சுக்கு ஓடும் ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறது? எண்ணினாள். இரண்டும் கொஞ்சமும்; அதுதான் ரேஷியோ.

"இப்ப இருக்கறது ரெண்டுதான். நம்பர் ஏறினா இழுவை ஏறும். மூணரை போடு, பறக்கும்."

2, மறுபடியும்

[இங்கே மேகலாவின் பள்ளிக்காலம் பற்றி ஒரு பத்தி இருந்தது. வண்டி நகரவில்லை, எடுத்துவிட்டேன்.]

பஸ்ஸில் அன்றைய குறிப்பை எழுதும்போது பேனா நின்றது. இன்னொரு சக்கரம் தரையில் அல்லவா இருந்தது! ஒன்று நின்றால், தூக்கிய சக்கரம் இரண்டின் பங்கையும் சேர்த்துச் சுற்றிவிடும். அதை இரண்டு சுற்றுச் சுற்றி எண்ணியிருக்க வேண்டும்; எண்ணியது பாதிதான். அப்படியானால் வண்டியில் இருப்பதே நாலுக்கு மேல். மூன்றரை போட்டால் இன்னும் மந்தமாகும்.

முதல் பிரதியில் மேகலா பழியை ஜாக்கிமேல் போட்டாள். அந்த மேகலாவை எனக்குப் பிடிக்கவில்லை. இவள் போன் செய்தாள்.

"மூணரைய வாங்கிட்டியா?"

"கடைக்காரரு பேப்பர்ல சுத்திக்கிட்டிருக்காரு."

"நிறுத்தச் சொல்லு! நான் தப்பா எண்ணிட்டேன். நாலரை வேணும்."

தாஹிரா சிரித்த சிரிப்பில் கடைக்காரரும் சேர்ந்துகொண்டது கேட்டது.

"ஏன்டி, டிபன் பாக்ஸ்ல இட்லியக்கூட ரெண்டு தடவ எண்ணுவியே! சரி, நாலரை. ஆனா ஞாயித்துக்கெழம நீயும் பக்கத்துல உக்காரணும்."

3

ஒரு முடிவில் தாஹிரா ஜெயித்தாள். இன்னொன்றில், கடைசி நூறு மீட்டரில் நாலரையின் வேகம் தீர்ந்துபோய் அஜாஸ் முந்தினான். இழுவை ஏறினால் உச்ச வேகம் குறையும்; கணக்குப்படி அதுவும் நடக்கலாம். இரண்டையும் அடித்துவிட்டேன்.

பாகலூர்ப் பக்கத் திடல். நானூறு மீட்டர். பக்கத்துத் தடத்திலிருந்து அஜாஸ் ஒரு காலி வாளியை ஆட்டிக் காட்டுகிறான்.

"அக்கா, ஷாம்பு வாங்கிட்டேன்!"

"உனக்குத்தான்டா அது!"

கத்தியது தாஹிரா அல்ல. மேகலா. சரி, நான்.

கொடி இறங்குகிறது. தாஹிரா கிளட்ச்சை விட்டதும் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்கிறது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, எழுத்து கோணுகிறது, இதற்குமேல் எழுத மாட்டேன்.

வாளியில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டேன். யார் கையில் கொடுக்க? நீங்கள் சொல்லுங்கள்.