வீட்டில் எத்தனை பேர் குளிக்கிறீர்கள்?

1.
இப்போதெல்லாம் ஒருவரும் கதவைத் தட்டி ஆள் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. படிவம் அனுப்புகிறார்கள். இந்தக் கதையும் ஒரு படிவத்திலிருந்துதான் வந்தது. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். சோடித்து எழுத வராது. கதை ஆளின் பெயர் தபோதரன். வயது எழுபத்திரண்டு. ஜேர்மனியில், வுப்பர்டால் நகரில் சொந்த வீடு. நிலவறையில், வீட்டைச் சூடாக்க முப்பது வருடத்துப் பழைய எண்ணெய் பொய்லர்.

2.
முதல் தொடக்கம்: ‘அன்று வுப்பர்டாலில் பனி மெல்ல மெல்ல...’

வேண்டாம். பனியை அழகென்று எழுதுகிறவன் வாசலில் பனி அள்ளாதவன்.

இரண்டாவது: ‘புகைபோக்கி பார்க்க வந்தவர், பொய்லரை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.’ இது போதும்.

3.
நிலக்ஷன் வந்தான். ஹீட்டிங் பூட்டுகிற எங்கள் ஆள், தலை நரைக்கத் தொடங்கியவன். எண்ணெயே வேண்டாம், வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுத்துத் தருகிற வெப்பப் பம்பி பூட்டுவோம் என்றான்.

“பனிக்காத்துக்குள்ளை சூடு கிடக்கோ?” என்றார் தபோதரன்.

“கிடக்கு அண்ணை.”

“அப்ப நான் ஏன் முப்பது வருசமா நடுங்கினனான்?”

நிலக்ஷன் சிரித்துவிட்டு, கம்பெனி அனுப்பிய படிவத்தைப் புரட்டினான். சுடுதண்ணீர்த் தாங்கி எவ்வளவு பெரிது வேண்டுமென்று முடிவுசெய்ய ஒரு கட்டம் நிரப்ப வேண்டும்: வீட்டில் எத்தனை பேர்?

இரண்டு, என்றார் தபோதரன்.

(கதையில் ஒன்று என்றுதான் நான் எழுதியிருந்தேன். ஆள் என் சொல் கேட்கவில்லை.)

4.
உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மனைவி கமலநாயகி மகள் ஆதிரையின் பேறு பார்க்க லைப்சிக் நகருக்குப் போனார். மூன்று மாதம் என்று பேச்சு. அந்தப் பிள்ளைக்கு இப்போது நான்கு வயது. சண்டை ஒன்றுமில்லை. ஞாயிறுகளில் தொலைபேசியில் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பார், இவரும் சாப்பிட்டதாகச் சொல்வார். அவருடைய செருப்பு இன்னும் குளியலறை வாசலில்

(இந்த வசனத்தை முடிக்கமாட்டேன்.)

நிலக்ஷன் குளியலறையை எட்டிப் பார்த்தான். ஒரு துவாய். ஒரு பிரஷ்.

“அண்ணை, ஆளில்லாமல் பெரிய தாங்கி வைச்சால் தண்ணி சும்மா சூடாகிக்கொண்டு கிடக்கும். மிச்சம் பிடிக்கத்தானே மாத்திறம்?”

“அவ கொதிக்கக் கொதிக்கக் குளிக்கிற ஆள்.”

“எப்ப வாறா?”

தபோதரன் சன்னலைப் பார்த்தார். கட்டத்தை வெறுமையாக விட்டு, கமலநாயகியைக் கேட்டு எழுதி வைக்கச் சொல்லிவிட்டு நிலக்ஷன் போனான்.

5.
ஞாயிறு வரை பொறுக்காமல் செவ்வாயே கமலநாயகிக்குத் தொலைபேசி எடுத்தார். பின்னால் பேரப்பிள்ளை கத்திக்கொண்டிருந்தது. பொய்லரைச் சொன்னார், தாங்கியைச் சொன்னார்.

“எத்தனை பேர் எண்டு கேக்கிறாங்கள்.”

அங்கே பிள்ளையை அதட்டுவது கேட்டது.

“ரெண்டு எண்டே போடுங்கோ,” என்றார் கமலநாயகி. எப்போது வருவார் என்று சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.

6.
முடிவுகள் இரண்டு எழுதினேன். ஒன்றில் சித்திரையில் கமலநாயகி வந்து இறங்குகிறார். மற்றதில் தாங்கி நிறையத் தண்ணீர் ஒருவருக்காகக் கொதித்து ஆறுகிறது. இரண்டையும் கிழித்துப் போட்டேன். கட்டம் வெறுமையாகவே கிடக்கிறது. பேனா பக்கத்தில் இருக்கிறது. படிக்கிற நீங்கள் வேண்டுமானால் எழுதுங்கள்.

தபோதரன் எழுதவில்லை. வெளியே, நான் வேண்டாமென்ற பனி கொட்டியிருந்தது. மேசையை விட்டு எழுந்து, தொப்பியைப் போட்டு, பனி அள்ளுகிற சவளை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அந்தக் காற்றுக்குள் சூடு கிடக்கிறதென்று அவர் இன்னும் நம்பவில்லை.