கறிச்சட்டிக்குள் போன மருந்து

1

இந்தக் கதை ஒரு கறிச்சட்டியில் பிறந்தது. பக்கத்து வீட்டு பியான் அம்மா அந்தச் சட்டியைப் பற்றிச் சொல்லிச் சிரித்த அன்றே எழுத உட்கார்ந்தேன். முதல் வரி: ‘சிங்ஜோ மலைச்சரிவுகளில் ஷான்ஜாப் பழங்கள் மாணிக்கங்களாய்க் கனிந்து—’

(நிறுத்திவிட்டேன். சுற்றுலாத் துறையின் விளம்பரத்தாள் மாதிரி இருக்கிறது. அது ஒரு புளிப்புச் சிவப்புப் பழம். காயவைத்துக் கஷாயம் போட்டால் ரத்தக் கொழுப்பு இறங்கும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.)

2

மூலிகை மருத்துவர் லுவான் யூஃபென்னுக்கு வாய்த்த முரட்டு நோயாளி அவள் கணவர் டெங். நீர்வளத் துறையில் துணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். [‘துணை’யைச் சேர்த்துக் கூப்பிட்டால் காது கேட்காது.] மாதக்கணக்காக அவள் மருந்து கொடுத்தும் அவருடைய கொலஸ்ட்ரால் அசைந்து கொடுக்கவில்லை.

“சொந்தப் புருஷனுக்கே கேக்காத மருந்து நமக்கு எங்க கேக்கப்போகுது?” என்றது தெரு. நோயாளிகள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். இப்படியே போனால் வசந்தத்துக்குள் மருந்துக்கடையை மூட வேண்டியதுதான்.

3

ஒரு மத்தியானம் லுவான் சீக்கிரம் வீடு திரும்பினாள். அடுப்பில் பன்றிக்கறி கொதித்தது. அதில் அவள் கொடுத்த ஷான்ஜாத் துண்டுகள் மிதந்தன.

“என்ன இது?”

“மருந்துதான். நீ குடுத்தத ஒரு நாளும் விட்டதில்ல.”

“கறியிலயா?”

“பழத்தப் போட்டா கறி பஞ்சா வேகுது. மருந்தும் உள்ள போயிடுது. பசி வேற நல்லா எடுக்குது.”

“பசி வேற எடுக்குதாக்கும், இயக்குநரே?”

“எல்லாம் உன் கைராசி, யூஃபென்.”

‘டெங் வெட்கத்தால் தலை குனிந்து—’

(பொருந்தவில்லை. தலை குனியக் கழுத்து வேண்டும். அவருடைய கழுத்து வெளியே தெரிந்து பல வருடமாகிறது. லுவான் சட்டியைத் தூக்கி எறிவதாகவும் எழுதிப் பார்த்தேன். நல்ல சட்டி என்பதால் அவள் சம்மதிக்கவில்லை.)

4

அந்த வாரம் ஓய்வுபெற்றோர் மன்றத்தில் டெங்கின் சொற்பொழிவு. தலைப்பு, ‘உணவில் நாவடக்கம்’. முடிவில் பியான் அம்மா எழுந்தாள்.

“இயக்குநர் ஐயா, உங்க கொழுப்பு இறங்கிடுச்சா?”

“பாதிக்குப் பாதி இறங்கிடுச்சும்மா. மன உறுதி.”

கடைசி வரிசையிலிருந்து லுவான் சொன்னாள்: “ஆமா. குளிர் முடிஞ்சதும் ரத்தப் பரிசோதனை. இதே மேடையில வந்து படிச்சுக் காட்டுவாரு.”

அரங்கம் கைதட்டியது. மேடையில் டெங்கும் தட்டினார், வேறு வழியில்லை.

மறுநாள் முதல் கஷாயம் வெறும் கஷாயமாகவே உள்ளே போனது. கறி நின்றது. பனியில் ஆற்றங்கரை நடை. கழுத்து மெல்ல வெளிப்பட்டது.

5

குளிர் முடிந்தது, கொழுப்பும் இறங்கிவிட்டது. பாதி இல்லை, ஆனால் மருத்துவமனை மருத்துவரே அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்க்கும் அளவுக்கு. டெங் அதை மேடையில் இரண்டு முறை படித்தார். மறுநாள் காலை லுவானின் கடை வாசலில் வரிசை தெருமுனை வரை நின்றது.

(எது இறக்கியது? பழமா, நடையா, நின்றுபோன கறியா, மானமா? எனக்குத் தெரியாது. தெரிந்ததாக எழுதினால் நானும் மேடை ஏறியவனாவேன்.)

எங்கள் ஊர் வழக்கப்படி, மருத்துவருக்கு நன்றி சொல்லிச் சுவரில் தொங்கவிடும் சிவப்புப் பட்டுக்கொடி ஒன்றை மன்றம் செய்யச் சொன்னது. ‘மாபெரும் மன உறுதியாளர் டெங்’ என்று தங்க நூலில் எழுதலாம் என்று டெங்கே யோசனை சொன்னார். பியான் அம்மா கொதித்துப்போனாள். “டாக்டரம்மா, உங்க பேருல்ல வரணும்?”

“அவரு பேரே இருக்கட்டும்” என்றாள் லுவான், மருந்தை எடைபோட்டபடியே. “ஆனா தொங்குறது என் கடைச் சுவத்துலதான்.”

வாசகம் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. தைப்பவர் ஊசியோடு காத்திருக்கிறார். நீங்கள் சொல்லுங்கள், என்ன எழுதலாம்? கொடி சிறியது, டெங் முழுதாக அடங்க மாட்டார்.