இடுப்பளவுத் தண்ணீர்

மகள் சொன்னதைக் கேட்டதும் சூசைமாணிக்கம் கையில் கிள்ளிய வெற்றிலையைக் கூடையில் போடாமல் வாயில் போட்டுக்கொண்டார். பாக்கும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. காரத்தில் கண் கலங்கியது. பரமத்தி வேலூர் ஆற்றோரத்தில் இருந்த அந்த வெற்றிலைக் கொடிக்காலுக்குள் அப்பனையும் மகளையும் தவிர யாரும் இல்லை.

லூர்துமலர் நாமக்கல்லில் நர்ஸ். போன வருசம்தான் ஜெபசிங்கைக் கட்டிக்கொண்டாள். லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டர், நல்ல பையன், ஆனால் பெந்தெகொஸ்தே. அவர்களுக்குத் தாலியே ஆகாது, கத்தோலிக்கரான இவர்களுக்குத் தாலி இல்லாமல் ஆகாது. மூன்று மாதம் இழுத்து, மாதா கோயிலில் கட்டிய தாலியைச் சபைக்குப் போகும்போது மட்டும் சேலைக்குள் விட்டுக்கொள்வது என்று முடிவானது. அத்தோடு தீர்ந்தது என்று சூசைமாணிக்கம் நினைத்திருந்தார்.

"ஞாயித்துக்கெழம ஞானஸ்நானம் எடுக்கப் போறனுங்கப்பா. நம்ம ஆத்துலதான்."

"நாப்பதாம் நாள் உன்னயத் தூக்கிட்டுப் போயி ஊத்துனமே, அது என்ன, ஈரமில்லாத தண்ணியா?"

"தலையில ஊத்துனாப் பத்தாதாமுங்க. முழுசா முங்கோணுமாம்."

"அப்ப மழையில நனஞ்சவனெல்லாம் முக்கா கிறிஸ்தவனா?"

லூர்துமலர் சிரித்துவிட்டாள். பிறகு காலடியில் கிடந்த காம்பு ஒன்றை எடுத்து ஒடித்துக்கொண்டே சொன்னாள். "மாசத்துல ஒருநாள் சபையில முங்குனவங்களுக்கு மட்டும் அப்பம் குடுப்பாங்க. அவரு, அத்த, எல்லாரும் எந்திரிச்சுப் போவாங்க. நான் எல்லாத்து பையையும் பாத்துட்டு உக்காந்திருப்பன். ஒரு வருசமா பைக்குக் காவலுங்கப்பா."

அவர் கோபமாக ஏதோ சொல்ல வந்தார். போன கிறிஸ்துமஸ் பூசையில் எல்லோரும் நற்கருணைக்கு வரிசையில் போக, மருமகன் மட்டும் கடைசி பெஞ்சில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார்.

"நான் வரமாட்டன்" என்றார்.

"சரிங்கப்பா." கிளம்பும்போதுதான் அவள் அதைச் சொன்னாள். "படித்துறைக்கு மேக்கால, நாணல் பக்கம் பாஸ்டர் எடம் பாத்துருக்காரு. அங்க கூட்டமே இருக்கறதில்லையாமா."

அங்கே ஏன் கூட்டம் இருப்பதில்லை என்று சூசைமாணிக்கத்துக்குத் தெரியும். ஒரு காலத்தில் மணல் அள்ளிய குழிகள். மேலே பார்த்தால் தொட்டித் தண்ணீர் மாதிரி அசையாமல் நிற்கும். வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். சொன்னதை அவர்கள் கேட்பார்களா என்று மூன்று நாளும் அரித்துக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழு மணிப் பூசைக்கென்று வெள்ளை வேட்டி சட்டை போட்டுக் கிளம்பியவர், கோயில் முக்கில் திரும்பாமல் நேராக நடந்தார். போகிற வழியில் கொடிக்காலில் கிடந்த நீளமான மூங்கில் ஒன்றையும் எடுத்துக்கொண்டார்.

நாணல் ஓரமாகத்தான் நின்றிருந்தார்கள். ஞானஸ்நானம் எடுக்க ஒன்பது பேர், எல்லோரும் வெள்ளை உடையில். சம்பந்தியம்மா எஸ்தர் அவரைக் கண்டதும் திகைத்து, "ஸ்தோத்திரமுங்கண்ணா" என்றார். அவர் வழக்கம்போல, "கும்பிடறனுங்க" என்றார். அதற்குள் நோட்டும் பேனாவுமாக ஒரு பருத்த ஆள் வந்தார். உதவி ஊழியராம்.

"பேரு சொல்லுங்கய்யா."

"சூசைமாணிக்கம்."

"லிஸ்ட்டுல இல்லீங்களே. பரவால்ல, கடைசியா நில்லுங்க."

"நான் முங்க வரலீங்க. நீங்க முங்கிப் போயிராமப் பாக்க வந்தன்" என்று சொல்லிவிட்டு, கரையிலிருந்தபடியே மூங்கிலைத் தண்ணீருக்குள் விட்டார். அது போய்க்கொண்டே இருந்தது. கைப்பிடி அளவு மிஞ்சியபோது பாஸ்டர் தமிழரசு இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"நீச்சல் தெரியுமுங்களா?" என்று கேட்டார் சூசைமாணிக்கம்.

"எனக்கு ஜலகண்டாபுரமுங்க" என்றார் பாஸ்டர் மெதுவாக. "பேர்ல மட்டுந்தான் ஜலம்."

கீழ்ப்பக்கம், கெட்டி மணலாக இருந்த இடத்துக்குச் சூசைமாணிக்கமே கூட்டிப்போனார். முதலில் தானே இறங்கினார். இறங்கியதும் கை தானாகத் தண்ணீரைத் தொட்டு நெற்றி, நெஞ்சு, தோள் என்று சிலுவை போட்டுவிட்டது. நிமிர்ந்தால் எஸ்தர் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தம்மா சட்டென்று முகத்தைத் திருப்பி, அக்கரை வாழைத்தோட்டத்தை வெகு அக்கறையாகப் பார்க்கத் தொடங்கினார்.

இடுப்பளவுத் தண்ணீரில், இதைத் தாண்டக் கூடாது என்கிற இடத்தில் அவர் நட்ட கம்பு போல நின்றார். பாஸ்டர் ஒரு பக்கம், பருத்த ஊழியர் ஒரு பக்கம் பிடித்து ஒவ்வொருவராக முக்கி எடுத்தார்கள். ஆறாவது ஆள் எழுந்ததும் ஊழியருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நொண்டியபடி கரையேறினார். அடுத்தது லூர்துமலர். கரையில் ஜெபசிங் தானே இறங்கிப் பிடிக்கலாம் என்று பேண்டை மடித்துவிடக் குனிந்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள்.

"வர்றீங்களாப்பா?"

அவர் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்து அவள் தோளுக்குக் கீழே ஒரு கையையும் பிடரிக்குக் கீழே ஒரு கையையும் கொடுத்தார். கைக்குழந்தையாக இருந்தபோது சாமியார் ஊற்றிய மூன்று கை தண்ணீருக்கே ஊரைக் கூட்டியவள். இப்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். பாஸ்டர் பிதா, சுதன், ஆவி என்று சொல்லச் சொல்ல, சூசைமாணிக்கத்தின் உதடும் கூடவே அசைந்தது. அவள் உள்ளே போனாள். தண்ணீருக்கடியில் அவள் விரல்கள் அவர் மணிக்கட்டை இறுக்கின. ஒரு நொடிதான். அவருக்கு அது போதுமான அளவு நீண்டுவிட்டது. இருமிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் அவள் எழுந்தபோது, எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னது யாரென்று பாஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

எல்லாம் முடிந்து கரையேறியதும் பாஸ்டர் துண்டால் காதைக் குடைந்துகொண்டே கேட்டார். "அடுத்த மாசம் ஆறு பேரு இருக்காங்கண்ணா. வந்து நிக்க முடியுங்களா?"

"அடுத்த மாசம் எங்களுக்குத் தவக்காலமுங்க. ஈஸ்டர் கழியட்டும்" என்றவர், கொஞ்சம் யோசித்து, "என்னையக் கேக்காம எடம் மட்டும் பாத்துறாதீங்க" என்றார்.

நாணல் மறைவில் லூர்துமலர் உடை மாற்றிக்கொண்டு வந்தாள். எஸ்தர் அவளுடைய ஈரச் சேலையைத் தனியாகப் பிழியப் பார்த்தார். ஆறு கஜமும் ஆற்றைக் குடித்திருந்தது, கைக்கு அடங்கவில்லை. சூசைமாணிக்கம் ஒரு முறை தயங்கிவிட்டுப் போய் மறுமுனையைப் பிடித்தார். இருவரும் முறுக்கினார்கள். சேலை சும்மா சுழன்றதே தவிர ஒரு சொட்டு இறங்கவில்லை.

"ரெண்டு பேரும் ஒரே பக்கமாத் திருப்பறமுங்கண்ணா" என்றார் எஸ்தர். "நீங்க அப்படியே திருப்புங்க. நான் இப்படித் திருப்பறன்."

அவர் ஒரு பக்கம் திருப்பினார், அந்தம்மா மறுபக்கம் திருப்பினார். வெள்ளைச் சேலை கயிறாக இறுகி, நடுவிலிருந்து தண்ணீர் கொட்டி, மணலில் வழி பிடித்து ஆற்றுப் பக்கமாக ஓடியது.