ஒற்றை விரல் படகு

நோய் ஒவ்வொன்றாகப் பறித்ததுபோக, அக்காவின் உடம்பில் கழுத்துக்குக் கீழே சொன்ன பேச்சைக் கேட்பது வலது கட்டைவிரல் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டே வருடக்கணக்காகப் படகு ஓட்டிக்கொண்டிருந்தாள், இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் ஒரு கடல் விளையாட்டில். செல்போன் பழுது பார்க்கும் தம்பிக்கு, கடையை மூடிவிட்டு வந்ததும் அவள் எந்தத் தீவில் நிற்கிறாள் என்று கேட்காவிட்டால் சோறு இறங்காது.

அந்த விளையாட்டைத்தான் கம்பெனி இழுத்து மூடப்போவதாக அறிவித்தது. சர்வரை நிறுத்தினால் கடலும் இல்லை, தீவும் இல்லை.

"மூடட்டும், நாமளே ஒரு சர்வர் கட்டிடலாம்" என்றது ஹெட்போனில் ஒரு குரல். கூட ஆடுகிற பல் டாக்டர் அவர். விளையாட்டில் அவர் பெயர் ஆந்தை. "நாம ஆடும்போது கம்பெனி சர்வர் என்னென்ன பதில் சொல்லுதோ அத்தனையும் பதிவு பண்ணிக்கணும். நம்ம சர்வரும் அதையே சொல்லும். பதிவாகாதது நமக்குக் கிடையாது."

தம்பி கடைக்கு லீவு போட்டுவிட்டு, அக்காவின் விரலுக்கடியிலிருந்து கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டான்.

"டேய், கடைசி வாரம்டா. நான் ஓட்டுறேனே."

"நீ ஒரு தீவைச் சுத்தி வர்றதுக்குள்ள என் தாடி நரைச்சிடும்."

"முதல்ல அது முளைக்கட்டும்."

"எல்லாத் தீவுக்கும் போக உன் படகுக்குத்தான் அனுமதி இருக்கு. இப்ப விட்டுக்கொடு. அப்புறம் ஆயுசு முழுக்க ஓட்டு."

"யார் ஆயுசு?"

காதில் விழாதவன் போல அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

அந்த விளையாட்டில் 'ஒரு விரல் உதவி' என்று ஒரு வசதி உண்டு. பட்டனை அழுத்தினால் போதும். பாறையை விலக்கி, துறையைப் பார்த்து, கம்பெனி சர்வரே படகைத் திருப்பிவிடும். இரண்டு கையும் உள்ளவனுக்கு அது காலைச் சுற்றிய கயிறு. தம்பி உட்கார்ந்ததும் முதல் வேலையாக அதை அணைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தான். வாரம் முழுக்கச் சுற்றினான். ஒரு மூலை பாக்கியில்லை.

கம்பெனி மூடியது. ஆந்தையும் தம்பியும் சேர்ந்து மாதக்கணக்காக மாரடித்து, ஒரு மத்தியானம் புது சர்வரைத் திறந்தார்கள். பழைய கூட்டம் மொத்தமும் வந்து இறங்கியது. தம்பி அக்காவின் விரலைப் பட்டன்மேல் வைத்து, உதவியைப் போட்டுவிட்டான்.

படகு நேரே போய்ப் பாறையில் மோதியது.

"என்ன கேப்டன், மப்பா?" என்றார் ஆந்தை.

மறுபடி அழுத்தினாள். மறுபடி பாறை.

தம்பி மைக் பக்கம் குனிந்தான். "டாக்டர், அந்த ஒரு விரல் உதவியைப் போட்டு யாராவது ஆடினீங்களா? பதிவு இருக்கா?"

"எங்களுக்கு எதுக்குப்பா அது? அக்காதானே..." ஆந்தை பாதியில் நிறுத்திக்கொண்டார்.

தம்பி அக்கா பக்கம் திரும்பினான். "அது எப்படித் திருப்பும்னு சொல்லு. நான் எழுதிடறேன்."

"எனக்கு எப்படிடா தெரியும்? நான் அழுத்துவேன், அது போகும். பாறை வருதுன்னு நான் பயப்படறதுக்குள்ள அதுக்குத் தெரிஞ்சிடும்."

"எவ்வளவு தூரத்துல திரும்பும்?"

"அளந்தா பாத்தேன்? நீ எடுக்காம இருந்திருந்தா அதுவும் பதிவாகியிருக்கும்." சொல்லிவிட்டு அவளே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஊகித்து ஊகித்து எழுதினான். ஒன்றில் படகு வட்டமடித்தது. ஒன்றில் பஸ் மாதிரி துறைக்குத் துறை நின்றது. "இது நீ ஓட்டுறது. நான் ஓட்டுறது இல்ல" என்றாள். அழித்துவிட்டுத் திரும்ப எழுதினான். ஆந்தையின் கூட்டம் தினமும் தீவுகளில் கும்மாளமடித்தது. அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை.

மழைக்காலம் முடியும்போது படகு ஒருவழியாகப் பாறையை ஒதுக்கி, அவசரமில்லாமல் திரும்பியது. தானே பலமுறை ஓட்டிப் பார்த்துக்கொண்டான். பிறகு படுக்கையில் உட்கார்ந்து, அவள் விரலை எடுத்துப் பட்டன்மேல் வைத்தான்.

"அழுத்துக்கா."

படகு துறையிலேயே நின்றது. விரலுக்கடியில் பட்டன் இறங்கவேயில்லை.

"பயப்படாத, இடிக்காது. அழுத்து."

"அழுத்திக்கிட்டுத்தான்டா இருக்கேன்" என்றாள் அக்கா.