காண்பன என்னும் கட்டம்

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் செய்முறைத் தேர்வு இன்று மாலை முடிந்தது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எங்கே தவறினேன் என்பது எழுதினால்தான் எனக்குப் பிடிபடும்.

மாலை வகுப்பில் நாங்கள் பதினெட்டுப் பேர். பகலில் நான் தையல் கூடத்தில் பொத்தான் தைக்கிறேன். அக்கா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறாள். இருவருமே பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள். எனக்கு இது முதல் முயற்சி. அக்காவுக்கு மூன்றாவது, கடைசியும்கூட. இதில் தேறாவிட்டால் செவிலியர் பயிற்சிக்கு வயது தாண்டிவிடும்.

கரிமச் சேர்மத்தைக் கண்டுபிடிக்கும் தாளில் மூன்று கட்டங்கள்: சோதனை, கண்ணில் கண்டதை எழுதும் காண்பன, அதிலிருந்து அறிந்ததை எழுதும் அறிவன. எங்கள் வகுப்பில் யாரும் அந்த வரிசையில் போவதில்லை. குப்பியை முகர்ந்து பெயரைத் தெரிந்துகொண்டு கடைசிக் கட்டத்தை முதலில் எழுதுவார்கள். பிறகு புத்தகத்தில் உள்ளபடி காண்பனவை நிரப்புவார்கள். லாரிப் பட்டறையில் வேலை பார்ப்பதால் 'ஸ்பேனர்' என்று பெயர் வாங்கிய அண்ணன்தான் இதைத் தொடங்கிவைத்தவர். "மூக்கு இருக்கிறப்ப டெஸ்ட் டியூப் எதுக்கும்மா? பாவம், அதைக் கழுவுறவரும் மனுஷன்தானே" என்பார்.

இன்று எல்லாருக்கும் ஒரே சேர்மம், நடு மேசையில் ஒரே குப்பி. மூடியைத் திறந்ததுமே பாதாம் வாசனை. பென்சால்டிஹைடு என்று அறைக்கே தெரிந்துவிட்டது. பேனாக்கள் ஓடின.

எனக்கும் தெரிந்தது. ஆனால் தெரிந்ததை நம்பி எழுதும் துணிச்சல் எனக்கில்லை; கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருகிற ஆள் நான். அதனால் முதலிலிருந்து செய்தேன். சோடியம் பைகார்பனேட் கரைசலில் நான்கு சொட்டு விட்டதும் சுறுசுறுவென்று நுரைத்தது. பென்சால்டிஹைடு போன்ற ஆல்டிஹைடு எதுவும் நுரைக்கக் கூடாது. நுரைத்தால் அமிலம்.

குழாயைச் சரியாகக் கழுவவில்லையோ என்று சந்தேகம். கழுவிவிட்டுச் செய்தேன், நுரைத்தது. புதுக் குழாய் வாங்கிச் செய்தேன், நுரைத்தது. பிறகுதான் குப்பியின் கழுத்தைப் பார்த்தேன். உப்புப் பூத்ததுபோல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது.

பக்கத்து மேசையில் அக்காவின் குழாய்கள் ஈரமே படாமல் நின்றன. அவள் தாளில் "நுரைக்கவில்லை" என்று எழுதி முடித்திருந்தாள். நான் வேறு மாதிரி எழுதினால், ஒரே குப்பிக்கு இரண்டு பதில் எப்படி என்று தேர்வாளர் கேட்பார். ஈரமில்லாத குழாயோடு மாட்டப்போவது அக்காதான் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

ஐந்து நிமிடம் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று முறை கண்ணால் பார்த்ததையும் இல்லையென்று எழுதினால் பிறகு நான் எதைத்தான் நம்புவது? "நுரைத்தது" என்று எழுதினேன்.

தேர்வாளர் ஒவ்வொரு தாளாகப் பார்த்துக்கொண்டு வந்து என்னிடம் நின்றார்.

"எல்லாரும் நுரை இல்லேங்கறாங்க. உனக்கு மட்டும் வந்துச்சாம்மா?"

"மூணு தடவை வந்துச்சு மேடம். என் மேலயும் தப்பு இருக்கலாம்."

"இருக்கலாம். என் முன்னால ஒரு தடவை செய்."

செய்தேன். நுரைத்தது. அவர் குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "பழைய சரக்கு. காத்துப் பட்டுப் பட்டுக் கொஞ்சம் அமிலமா மாறியிருக்கு." பிறகு குரலை உயர்த்தாமலே அறையைப் பார்த்துச் சொன்னார்: "பதினேழு பேர் செய்யாமலே எழுதியிருக்கீங்க. இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு. காண்பனவை அடிச்சிட்டு, செஞ்சு பார்த்து எழுதுங்க."

"உன் புண்ணியத்துல நானும் விஞ்ஞானி ஆயிட்டேன், தாயே" என்று ஸ்பேனர் அண்ணன் முணுமுணுத்தார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "உனக்கு இன்னிக்குத்தான் நேரம் கிடைச்சுதாடி?"

அவள் டிராப்பரை எடுத்தாள். எத்தனை சொட்டு என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள். தேர்வில் பேசக் கூடாது. நான் ஒரு குழாயை அவள் கண்ணுக்கு நேரே உயர்த்தி, மெதுவாக நான்கு சொட்டு விட்டேன். அவளும் விட்டாள். நுரை எழும்பியதையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் தேர்வாளர் பின்னால் வந்து நின்றது தெரியவில்லை.

"இவ்வளவு தெரிஞ்சும் ஏன் முதல்லயே செய்யலை?"

"தெரியாது மேடம். இவளைப் பார்த்துத்தான் செஞ்சேன்."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் தாளை வாங்கிக்கொண்டு என்னை வெளியே போகச் சொன்னார். "அடுத்த சோதனையை நீ தனியா செய்" என்று அக்காவிடம் சொல்லி, ஒரு நாற்காலியை இழுத்து அவள் அருகில் உட்கார்ந்தார்.

வாசலில் அரை மணி நேரம் நின்றேன். வெளியே வந்த அக்கா என்னைக் கடந்து நடந்தாள். இரண்டு தெரு தள்ளி நின்று திரும்பினாள்.

"முப்பதுக்குப் பதினஞ்சு போட்டாங்க."

தேற அவ்வளவுதான் வேண்டும்.

"இன்னும் ரெண்டு வந்திருக்கும்" என்றாள். "அந்த அடுத்த சோதனையில, குழாய்ல வெள்ளி கண்ணாடி மாதிரி படியணுமாமே. எனக்கு மங்கலாத்தான் படிஞ்சுது. மங்கல்னே எழுதிட்டேன்."