தொப்புள்கொடி விழும் வரை

கன்றின் முன்னங்கால்கள் இரண்டும் வெளியே வந்துவிட்டன. மூக்கு மட்டும் வரவில்லை. யாரெலி வைக்கோலில் மண்டியிட்டு, கன்றின் கால்களில் சங்கிலியைச் சுற்றிப் பிடித்தபடி, பசு முக்குவதற்காகக் காத்திருந்தாள். பசு முக்கும்போது இழுக்க வேண்டும், நிறுத்தினால் நிறுத்த வேண்டும். அவளுக்கு வயது பதின்மூன்று. பட்டியின் மூலையில் அவளுடைய அப்பா ஹசிந்தோ, மாவுக்கட்டுப் போட்ட வலது கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இடது கையால் பசுவின் வாலைப் பிடித்திருந்தார்.

"இப்ப இழு. கீழ்ப்பக்கமா. மேல இழுத்தா இடுப்புல மாட்டிக்கும்."

"தெரியும்ப்பா. நேத்தும் இதையேதான் சொன்னீங்க."

"நேத்தும் மேலதானே இழுத்த."

விஸ்கான்சினில் மார்ச் மாதம் வசந்தம் என்பது காலண்டரில் மட்டும்தான். மூச்சு விட்டால் புகை வந்தது. மாதத் தொடக்கத்தில் ஒரு பசு ஹசிந்தோவின் கையை இரும்புக் கேட்டோடு வைத்து நசுக்கியதில் விரல்கள் நொறுங்கிப்போயின. பண்ணைக்காரர் வெர்லின் ஹாகன் நல்ல மனிதர்; ஆஸ்பத்திரிக்கு அவரே வண்டி ஓட்டிக்கொண்டு போனார். கட்டுப் பிரிக்கும் வரை தான் பொறுத்துக்கொள்வதாகவும் கன்றுகள் பொறுக்காது என்றும் வழியில் சொன்னார். கொட்டகைக்குப் பின்னால் இருந்த டிரெய்லர் வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை யாருக்கோ, வீடும் அவருக்குத்தான். அன்று மாலையிலிருந்து யாரெலி அப்பாவின் வலது கையாக வந்து நின்றாள். வெர்லின் ஒன்றும் கேட்கவில்லை. கன்றுகள் உயிரோடு பிறந்தன.

கன்று வழுக்கிக்கொண்டு வைக்கோலில் வந்து விழுந்த நேரத்தில்தான் தொழிலாளர் துறை அதிகாரி வந்தார். பள்ளிக்கூடத்தில் யாரெலி தினமும் கணக்கு வகுப்பில் தூங்குவதாக யாரோ சொல்லியிருந்தார்கள். அதிகாரியின் ரப்பர் காலணிகள் புத்தம் புதியவை. வெர்லின் பின்னாலேயே ஓடிவந்தார்.

"இந்தப் பொண்ணுக்கு என்ன வயசு?"

"பதிமூணு. ஆனா மேடம், இது வேலை இல்லீங்க. அப்பாவுக்குச் சும்மா ஒத்தாசை. கூலின்னு ஒரு பைசா கிடையாது."

கூலி கிடையாது என்பதை வெர்லின் ஒரு நற்சான்று போலச் சொன்னார்.

"பிறந்த கன்னும் தாய்ப்பசுவும் இருக்கிற பட்டிக்குள்ள பதினாறு வயசுக்குக் கீழ யாரும் வேலை செய்யக் கூடாது. ஆபத்தான வேலைன்னு விதி இருக்கு. கன்னுக்குத் தொப்புள்கொடி இருக்கிற வரைக்கும்."

"கொடி விழுந்தப்புறம்?"

"போகலாம். பள்ளிக்கூட நேரம் தவிர."

"கொடி விழுந்தா மாடு சாந்தமாயிடுமா?"

"மாட்டைப் பத்தி எனக்குத் தெரியாது சார். விதி அப்படி."

வெர்லின் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். "எம் பொண்ணு மாரெனுக்கும் பதிமூணுதான்."

"பண்ணை யார் பேர்ல?"

"என் பேர்லயும் வீட்டுக்காரி பேர்லயும்."

"அப்ப அவ தாராளமா போகலாம். அப்பா அம்மா பண்ணைக்கு இந்த விதி கிடையாது."

ஹசிந்தோவுக்கு ஆங்கிலம் வராது. மகளை முழங்கையால் இடித்தார். "என்னடி சொல்றாங்க அந்தம்மா?" யாரெலி ஸ்பானிய மொழியில் சொன்னாள். அவர் கன்றை நக்கிக்கொண்டிருந்த பசுவைப் பார்த்தார். "பண்ணை யார் பேர்ல இருக்குன்னு மாட்டுக்குத் தெரியுமான்னு கேளு."

யாரெலி அதிகாரியிடம் திரும்பினாள். "ரொம்ப நன்றின்னு அப்பா சொல்றாரு மேடம்."

அதிகாரியின் முகம் இளகியது. "உன் நல்லதுக்குத்தாம்மா."

"அப்பா கைக்கு ஏதாவது விதி இருக்கா மேடம்?"

"அது வேற துறைம்மா," என்றார் அவர். போகும்போது வெர்லினிடம், இது எச்சரிக்கை என்றும் அடுத்த முறை அபராதம் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து மாரென் வந்தாள். மாரெனுக்குக் கிளாரினெட் வாசிக்க வரும்; மாட்டின் பக்கம் போக வராது. அவள் வயதில் தான் என்னென்ன செய்தேன் என்று வெர்லின் வழிநெடுகச் சொல்லி அவளைக் கூட்டிவந்து பட்டிக்குள் விட்டார். யாரெலி கேட்டுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே நிற்பதற்கும் பேசுவதற்கும் விதி எதுவும் இருப்பதாக அதிகாரி சொல்லவில்லை.

"கையை உள்ள விட்டு மூக்கு எங்க இருக்குன்னு பாரு."

"எனக்கு வாந்தி வருது."

"வாந்தியை வெளிய எடு. கையை உள்ள விடு."

"நீயே வந்து செய்யேண்டி!"

"நான் உள்ள வந்தா குத்தம். நீ வந்தா வீட்டு வேலை."

ஹசிந்தோவுக்கு வார்த்தைகள் புரியாவிட்டாலும் சிரித்தார். ஒற்றைக் கையோடு அவர் மாரெனுக்குப் பக்கத்தில் நின்று சாடையில் சொல்லிக்கொடுத்தார். காலையில் வெர்லின் டார்ச் விளக்கோடு ஒவ்வொரு பட்டியாகக் குனிந்து கன்றுகளின் வயிற்றைப் பார்ப்பார். "இதுக்கு விழுந்திருச்சு யாரெலி. நீ உள்ள போலாம்." பக்கத்துப் பட்டியைப் பார்ப்பார். "இதுக்கு இன்னும் தொங்குது. மாரென், நீ போ." அப்படியே இரண்டு வாரம் ஓடியது. கட்டுப் பிரிக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. அது வரை தாக்குப்பிடித்தால் போதும் என்று ஹசிந்தோ இரவுச் சாப்பாட்டில் பீன்ஸைக் கிளறியபடி சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து வந்த கையோடு மாரெனைக் கூப்பிட்டார்கள். ஒரு கிடேரி, தலையீற்று. கன்று நல்லபடியாக விழுந்தது. மாரெனுக்கே ஆச்சரியம். அவள் சிரித்துக்கொண்டே, கொடியில் தடவும் அயோடின் புட்டியை எடுத்துக்கொண்டு, கிடேரிக்கும் கன்றுக்கும் நடுவில் போய்க் குனிந்தாள்.

"அங்க போகாத! அந்தப் பக்கம் போ!" என்று யாரெலி கத்தினாள்.

கிடேரி தலையைத் தாழ்த்தி மாரெனைப் பலகைச் சுவரோடு மோதியது. அவள் விழுந்ததும் மறுபடி வந்தது. ஹசிந்தோ குறுக்கே புகுந்து மாவுக்கட்டால் அதன் முகத்தில் அடித்தார். கட்டு இரண்டாகப் பிளந்தது. அதற்குள் யாரெலி கேட்டைத் தாண்டிக் குதித்து, மாரெனின் கோட்டுக் காலரைப் பிடித்து வைக்கோலோடு வைக்கோலாக வெளியே இழுத்துவந்தாள்.

மாரெனுக்குக் காறை எலும்பு உடைந்திருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் வெர்லின் தானாகவே அதிகாரிக்குத் தொலைபேசி செய்தார். அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"உங்க சொந்தப் பண்ணை, உங்க சொந்தப் பொண்ணு. அதுல நாங்க தலையிட முடியாது சார்," என்றார் அதிகாரி. "சீக்கிரம் குணமாகட்டும்." பிறகு, "பட்டிக்குள்ள அந்த இன்னொரு பொண்ணு இறங்கலையே?"

வெர்லின் தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினார். "இறங்கினா. கொடி... அப்ப இருந்துச்சு," என்றார்.

அன்று மாலை அவர் டிரெய்லர் வாசலில் வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. யாரெலியின் முகத்தைப் பார்க்காமல் பேசினார், அவள்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தபோதும்.

"அவங்க அபராதம் போடப்போறாங்க. நீங்க இங்க இருந்தா திரும்பத் திரும்ப வந்து பாப்பாங்க. உங்கப்பா கையும் மறுபடி உடைஞ்சிருச்சு. எனக்கு வேற வழி தெரியல. நீ செஞ்சதுக்கு நானும் என் வீட்டுக்காரி ஜோலீனும் உனக்கு எவ்வளவு கடமைப்பட்டிருக்கோம்னு அப்பாகிட்ட சொல்லு."

யாரெலி சொன்னாள். ஹசிந்தோ கேட்டுக்கொண்டார்.

"எப்ப காலி பண்ணணும்னு கேளு."

"சனிக்கிழமை புது ஆள் வர்றான்," என்றார் வெர்லின்.

சனிக்கிழமை மதியம் அவர்கள் சாமான்களைக் காரில் ஏற்றி முடித்தார்கள். அடுத்த மாவட்டத்தில் ஹசிந்தோவின் ஊர்க்காரர் ஒருவர் ஒரு பண்ணையில் இருந்தார். இருட்டுவதற்குள் வந்தால் அங்கே ஒரு முதலாளியைப் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். காரைக் கிளப்பிக் கொட்டகையைச் சுற்றி வந்தபோது, பாதையை அடைத்துக்கொண்டு ஏழெட்டு வண்டிகள் நின்றன. மாரெனைப் பார்க்கத் தேவாலயத்துக்காரர்கள் வந்திருந்தார்கள். ஹசிந்தோ எஞ்சினை அணைத்தார்.

கையில் மூடிபோட்ட கண்ணாடித் தட்டுடன் ஒரு அம்மாள் கடைசி வண்டியிலிருந்து இறங்கி வந்தாள். கார்க் கண்ணாடியைத் தட்டினாள்.

"பொண்ணைப் பாக்க வந்தீங்களா? ஏன் குளிர்ல உக்காந்திருக்கீங்க, உள்ள வாங்க. என்ன தைரியம் பாத்தீங்களா அவளுக்கு! பண்ணையில பொறந்த பிள்ளைன்னா சும்மாவா? இதையெல்லாம் கெடுக்கணும்னே கவர்மெண்டு சட்டம் போடுது."

"நாங்க கிளம்புறோம் ஆன்ட்டி," என்றாள் யாரெலி. "அந்த வெள்ளை வண்டியைக் கொஞ்சம் எடுக்கச் சொல்றீங்களா?"

"பாஸ்டர் வண்டிம்மா அது. இதோ சொல்றேன்," என்று அவள் தட்டை ஏந்திக்கொண்டு வெர்லின் வீட்டுக்குள் போனாள். கதவு மூடிக்கொண்டது.

நேரம் போயிற்று. யாரும் வரவில்லை.

"ஹாரன் அடிக்கட்டுமா?" என்றார் ஹசிந்தோ.

யாரெலி முன்கண்ணாடியில் படிந்த ஆவியைச் சட்டைக்கையால் துடைத்துவிட்டுப் பார்த்தாள். சமையலறை ஜன்னலில் விளக்கு எரிந்தது. மேசையைச் சுற்றி நின்ற எல்லோரும் கைகளைக் கோத்துக்கொண்டு தலையைக் குனிந்தார்கள்.

"வேண்டாம்ப்பா. ஜெபம் பண்றாங்க."

ஹசிந்தோ ஹாரனிலிருந்து இடது கையை எடுத்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.