நின்று நின்று வந்த மூச்சு

சவரம் செய்துகொண்டிருக்கும்போதே சலூன்காரருக்குக் கண் செருகிவிட்டது. ஒரு நொடிதான். கத்தி தபால்காரரின் தாடைக்குக் கீழே கீறிவிட்டது. கடுகளவு ரத்தம்தான் என்றாலும் சலூன்காரர் மதியம்வரை வேறு யாருக்கும் சவரம் செய்யவில்லை.

"ராத்திரி தூங்கலையா?" என்றார் தபால்காரர், பஞ்சை அழுத்திக்கொண்டே.

"எட்டு மணி நேரம் அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கினேங்க. அதான் புரியல."

வீட்டில் சொன்னதும் மனைவி பொரிந்து தள்ளினாள். "எத்தனை தடவை சொன்னேன், காதுல வாங்கினீங்களா? குறட்டை விட்டா நான் நிம்மதியா இருக்கேன். அது நின்னாத்தான் பயம். மூச்சே வராது. எண்ணிக்கிட்டே கிடப்பேன். இருபது, இருபத்தஞ்சு... அப்புறம் தண்ணிக்குள்ளேர்ந்து மேல வந்தவர் மாதிரி திணறி இழுப்பீங்க."

மறுநாளே இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். ஒரு ராத்திரி முழுக்க ஒயர்களை ஒட்டிச் சோதித்த பிறகு, டாக்டரம்மா தாளில் தொண்டையை வரைந்து காட்டினார்.

"தூங்கும்போது இந்தத் தசை தளர்ந்து மூச்சுவழிய அடைச்சுடுது. மூளை உங்களை உலுக்கி எழுப்புது. உங்களுக்கே தெரியாம, மணிக்கு நாப்பது தடவை. இதுக்குப் பேரு ஸ்லீப் ஆப்னியா."

"வயசாகுது, சோம்பேறி ஆயிட்டேன்னு நெனச்சேன்."

"சோம்பல் இல்லைங்க, நோய். சரிபண்ணலாம்."

மூச்சுவழி மூடாதபடி காற்றைச் செலுத்தும் இயந்திரமும், மூக்கையும் வாயையும் மூடும் மாஸ்க்கும் வந்தன. குணமாகும்வரை சவரக்கத்தியைத் தொடுவதில்லை என்று அவரே முடிவெடுத்தார். ஆனால் அவருடைய அடர்ந்த தாடியில் மாஸ்க் ஒட்டாமல், காற்று புஸ்ஸென்று வெளியேறியது. கடைக்கு விளம்பரப் பலகையே அந்தத் தாடிதான். இரண்டு நாள் யோசித்தவர், மூன்றாம் நாள் எதிரிலிருந்த சலூன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"என்ன அண்ணே, உங்க கடையில கூட்டமா?" என்று சிரித்தார் எதிர்க்கடைக்காரர். காரணத்தைக் கேட்டதும் சிரிப்பு அடங்கியது. பாதித் தாடியோடு அவரை உட்கார வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "எனக்கும் இதே கதைதாண்ணே. பொண்டாட்டி பக்கத்து ரூமுக்கே போயிட்டா. அந்த டாக்டரம்மா நம்பர் குடுங்க."

பழகுவதற்கு மூன்று வாரம் பிடித்தது. முதலில் தினமும் காலையில் வரும் தலைவலி விட்டது, பிறகு பகல்தூக்கம். ஒரு நாள் விடிந்ததும் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். கனவு கண்டிருந்தார்! வருஷக்கணக்கில் வராத கனவு. அதில் ஆற்றில் நீந்திப் போனார்.

சொல்லத் துடித்து மனைவி பக்கம் திரும்பினார். அவள் வாய் லேசாகத் திறந்திருக்க, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எத்தனை வருஷத் தூக்கமோ! அவர் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, சத்தமில்லாமல் டீ போடப் போனார்.